ஏன் தனிச் சட்டம்?

"அடிதடி, தீவைப்புக்கு ஏற்கனவே சட்டம் இருக்கே, சாதிவெறியில செஞ்சா மட்டும் எதுக்குத் தனிச் சட்டம்?" என்று வகுப்பில் நண்பன் கேட்டான். பதில் நம் தருமபுரியிலேயே இருக்கிறது நண்பர்களே.

2012 நவம்பர் 7. சாதி மாறி ஒரு காதல் கல்யாணம். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. கல்யாணம் செய்தது ஒரு பையன். மற்ற வீடுகள் செய்த தப்பு? அந்தச் சாதியில் பிறந்தது மட்டும்தான்.

திருடன் வந்தால் பூட்டை மாற்றலாம். பிறப்பை எப்படி மாற்றுவது? அன்று எரியாத காலனிகளிலும் யார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்? அந்தப் பயத்தையும் கணக்கில் எடுக்கத்தான் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பி.காம். பாஷையில் சொன்னால், எரிந்த வீடுகளை மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.