கருகின போர்டும் கரண்ட் லிமிட்டும்

போர்டு கருகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? போன செமஸ்டரில் அந்த வாசனை எங்கள் ரூம் முழுக்க அடித்தது. கருகியது என் போர்டு இல்லை, ரூம்மேட்டுடையது. ரிவ்யூவுக்கு இரண்டே நாள். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்த மகான் அடியேன்தான்.

அப்போது எங்களிடம் பவர் சப்ளை என்று இருந்தது பழைய கம்ப்யூட்டரில் கழற்றின எஸ்எம்பிஎஸ். பச்சை வயரையும் கறுப்பையும் சேர்த்துவிட்டால் ஓட ஆரம்பிக்கும். ஓசியில் 5 வோல்ட், 12 வோல்ட். லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேராக 20 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பெருமை வேறு. வினையே அதில்தான். அட்மெகா328 சிப் ஒழுங்காக ஓடினால் கேட்பது சில மில்லி ஆம்பியர். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் வழியாகக் கரண்ட் நேரே பாயும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 ஆம்பியர் என்பது ஷார்ட்டே இல்லை, சாதாரண லோடு. சிப் சாகும்வரை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

அவன் திட்டவில்லை. "பரவால்ல மச்சி"ன்னு சொல்லிட்டு விடிய விடிய உட்கார்ந்து புதுசாக சால்டர் பண்ணினான். திட்டியிருக்கலாம்.

கரண்டை இவ்வளவுதான் என்று குமிழ் திருப்பி நிறுத்தி வைக்கிற சப்ளை ஒன்று இருந்திருந்தால், பெரும்பாலும் அந்தச் சிப் பிழைத்திருக்கும். சரி, நாமே செய்வோம் என்று ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பினேன். (ரெடிமேட் மாட்யூல் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். எனக்குக் கொஞ்சம் பரிகாரமும் தேவைப்பட்டது.)

முதலில் நினைத்தது எல்லோரையும் போல எல்எம்317. வோல்டேஜுக்கு அது தங்கம். கரண்டைக் கட்டுப்படுத்தவும் முடியும்: ஒரு ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1.25 வோல்ட் விழும்படி அது பார்த்துக்கொள்ளும், 1.25 ஓம் போட்டால் 1 ஆம்பியர். ஆனால் குமிழ் வைத்து மாற்ற வேண்டும் என்றால் மொத்தக் கரண்டும் அந்தப் பாட் வழியாகப் போகணும். சாதாரணக் கார்பன் பாட் புகைந்துவிடும்.

அதனால் எல்எம்358 என்ற இரட்டை ஆப்-ஆம்ப், கூடவே 2என்3055 டிரான்சிஸ்டர். விஷயம் எளிது. ஒரே குழாயை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் வோல்டேஜைப் பார்க்கிறார், இன்னொருவர் கரண்டை. யார் அதிகமாக மூடுகிறாரோ அவர் வைத்ததுதான் சட்டம். கரண்டைப் பார்ப்பவர் அதை அளப்பது ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டரில்: 1 ஆம்பியர் போனால் 0.22 வோல்ட். அதைக் குமிழ் சொல்லும் வோல்டேஜோடு ஒப்பிட்டு, மீறினால் டிரான்சிஸ்டரின் பேஸை இழுத்துப் பிடிப்பார். அப்போது முன்பக்கம் ஒரு சிவப்பு எல்இடி எரியும்.

டிரான்ஸ்ஃபார்மர் கேட்டபோது கடைக்காரர் "24 வோல்ட் எடுத்துக்கோ தம்பி, பவர் ஜாஸ்தி" என்றார். 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34. எல்எம்358 தாங்குவது 32 வரைதான். 18 வோல்ட் வாங்கி வந்தேன். அவருக்கு என் மேல் மரியாதை குறைந்திருக்கும்.

2என்3055-இன் உலோக உடம்பே கலெக்டர். மைக்கா தகடு வைக்காமல் முடுக்கினால் ஹீட் சிங்க் முழுக்க வோல்டேஜ் ஏறிவிடும், அதை மறக்கவில்லை. சூட்டைத்தான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். 2 ஆம்பியரில் வைத்து அவுட்புட்டை ஷார்ட் செய்தால் இருபது வோல்ட்டுக்கு மேல் டிரான்சிஸ்டரிலேயே விழும், அதாவது 40 வாட்டுக்கு மேல். நம் சால்டரிங் அயர்ன் 25 வாட். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேனைப் பிடுங்கி மாட்டினேன். பழிக்குப் பழி.

எல்லாம் முடிந்தது. லிமிட் 20 மில்லி ஆம்பியர், வோல்டேஜ் 12. ரூம்மேட்டைக் கூப்பிட்டு, "பார், ரெசிஸ்டரே இல்லாமல் எல்இடி எரியப் போகுது" என்று வைத்தேன்.

டப்!

எல்இடி காலி. அவன் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். மீட்டரை வைத்து ஷார்ட் செய்தால் சமர்த்தாக 20 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. அப்புறம் ஏன்?

அன்றைக்குத் தூக்கமே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. "பெரிசா இருந்தா நல்லது" என்று அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டிருந்தேன். அது இருப்பது கரண்டை அளக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம். 12 வோல்ட்டுக்கு நிரம்பி நிற்கும்போது அதில் 72 மில்லி ஜூல். எல்இடியைத் தொட்டதும் அதை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது, என் லிமிட்டைக் கேட்காமலேயே. பூட்டு போட்டது வாசலில், திருடன் ஏற்கனவே திண்ணையில்!

அதை எடுத்துவிட்டு 10 மைக்ரோஃபாரட் போட்டேன். உடனே லிமிட் வேலை செய்யும்போதெல்லாம் அவுட்புட் ஆட ஆரம்பித்தது, லேப் சிஆர்ஓவில் அலை அலையாக. ஆப்-ஆம்பின் அவுட்புட்டுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவில் 1 நானோஃபாரட் வைத்த பிறகுதான் அடங்கியது. அதற்கு இரண்டு சாயங்காலம் போச்சு. இப்போதும் வோல்டேஜைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் எதையும் இணைக்கிறேன், பிறகு மெதுவாக ஏற்றுகிறேன்.

போன வாரம் ரூம்மேட் அடுத்த போர்டைக் கொண்டு வந்தான். கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்தான். லிமிட் 100 மில்லி ஆம்பியர். பிளஸ் மைனஸை மூன்று தடவை பார்த்து மாட்டி, 5 வோல்ட்டுக்குக் குமிழைத் திருப்பினேன். சிவப்பு எல்இடி எரிந்தது. மீட்டர் 0.7 வோல்ட்டைத் தாண்டவே இல்லை.

"மறுபடியுமா டேய்..." என்றான். நான் கையைத் தூக்கிவிட்டேன். புகை இல்லை, வாசனை இல்லை. 0.7 என்றால் எங்கோ ஒரு டயோடு. தேடினால், சப்ளைக்குக் குறுக்கே ஒன்று, தலைகீழாக சால்டர் ஆகியிருந்தது. பழைய போர்டில் இது கிடையாதே, எதற்கு என்று கேட்டேன்.

"நீ மாத்திக் குடுத்தா தப்பிக்கணும்ல, அதுக்குத்தான் போட்டேன்."

திருப்பிப் போட்டான். 5 வோல்ட், 40 மில்லி ஆம்பியர், சிவப்பு அணைந்தது. சப்ளையை அன்றைக்கே அவன் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இன்னும் திருப்பித் தரவில்லை.