பழைய உருவும் புதிய வேகமும்

(மூன்றாமாண்டு வரலாறு மாணவன் ஒருவன்)

திருவண்ணாமலையில் வாழும் நமக்குத் தேர் புதிதன்று. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் வலம் வருகின்றன. தேரில் மரம் உளுத்துப்போனால் அந்த இடத்தில் புது மரம் வைத்து வெள்ளோட்டம் விடுகிறார்கள். ஆனாலும் அதை வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்றாகிவிட்டதா? உருவம் பழையது, ஓட்டம் புதியது. பழையது போவதும் புதியது வருவதும் குற்றமாகா என்று நன்னூலார் சொற்களுக்கு வகுத்த விதி வண்டிகளுக்கும் பொருந்தும் போலும்!

எந்திர வண்டிகளின் உலகிலும் இப்படிப் பழமையைப் புதுப்பிக்கும் முயற்சிகள் உண்டு. இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் 'இ-டைப்' என்னும் புகழ்பெற்ற காரைப் பந்தயத்துக்கென எடை குறைத்து, 18 கார்கள் செய்யத் திட்டமிட்டது. செய்து முடித்தவை 12 மட்டுமே. எஞ்சிய ஆறையும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், அதே நிறுவனம் செய்யத் தொடங்கியது. 2008 முதல் ஜாகுவார் நம் நாட்டு டாடா குழுமத்தின் கையில் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் அந்த ஆறு கார்களும் பழையதன் அச்சுப் பிரதிகள். பழைய உருவுக்குள் புதிய வேகத்தைப் புகுத்திய கதையைக் கேட்க இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. சென்னைத் திருவொற்றியூருக்குப் போனால் போதும். அது காரன்று, மோட்டார் சைக்கிள்.

1960களில் இங்கிலாந்தில் பயிலுநர் உரிமம் பெற்றவர்கள் 250 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. இளைஞர்களோ காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 'கஃபே ரேசர்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவர்களுக்காகவே ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'கான்டினென்டல் ஜி.டி.' என்ற 250 சி.சி. வண்டியைச் செய்தது. சிவப்பு நிற நீண்ட டேங்க், தாழ்ந்த கைப்பிடி, ஐந்து கியர். 1964இல் பிரிட்டனின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை அதனை 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள்.

சில ஆண்டுகளில் அந்த ஆங்கில நிறுவனம் மறைந்தது. ஆனால் 1955இல் சென்னையில் பிறந்த அதன் கிளை பட்டுப்போகவில்லை. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவாகி வந்தது. வேர் காய்ந்த பிறகு விழுது மரமானது என்றே சொல்ல வேண்டும்! 2013இல் அந்த விழுது, கான்டினென்டல் ஜி.டி.யை 535 சி.சி. எஞ்சினுடன் மீண்டும் உயிர்ப்பித்தது. 2018இல் இரட்டைச் சிலிண்டர், 648 சி.சி., 47 குதிரைத் திறன், ஆறு கியர் என அதன் ஆற்றல் பெருகியது. பழைய வண்டியின் நீண்ட டேங்கும் குனிந்த தோற்றமும் மட்டும் மாறவில்லை.

2021 டிசம்பரில், நிறுவனத்தின் 120ஆம் ஆண்டு நினைவாக ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. கான்டினென்டல் ஜி.டி.யும் அதன் உடன்பிறப்பான இன்டர்செப்டரும் சேர்த்து உலகம் முழுமைக்கும் 480 வண்டிகளே. இந்தியாவுக்குக் கிடைத்தவை 120. அவையும் 120 வினாடிகளுக்குள் விற்றுத் தீர்ந்தன. அந்த வண்டிகளின் சிறப்பு எஞ்சினில் இல்லை. டேங்கின் கறுப்புக் குரோம் பூச்சைத் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். பித்தளைச் சின்னத்தைச் செய்து கொடுத்தது, கோயில்களுக்கு விக்கிரகம் செய்யும் சிற்பிக் குடும்பம். டேங்கின் மீது ஓடும் கோடுகளைக் கையாலேயே வரைந்தார்கள்.

கையால் வரைந்த கோடு! இந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. என் தந்தையார் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். லாரிகளுக்கும் புல்லட்டுகளுக்கும் தூரிகையால் கோடு இழுத்தே எங்களைப் படிக்க வைத்தார். சுண்டு விரலை டேங்கில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் கோட்டை முடிப்பார். பின்னர் ஸ்டிக்கர் வந்தது. அரை நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது அவரிடம் கோடு போடச் சொல்லி வருபவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

அந்த 120 வண்டிகளின் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். மகிழ்வார் என்று எண்ணினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த நூத்திருவது வண்டிக்கு ஆள் இருக்குதுப்பா. மத்த வண்டிக்கெல்லாம் யார் இருக்கா?"

நண்பர்களே, இக்கேள்விக்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஸ்டிக்கரைக் குறை கூறுவது நியாயமன்று. விலை மலிவாக வேண்டுமென்று கேட்பவர்கள் நாம்தாமே? ஆனால் ஒன்று புரிகிறது. கைத்திறனை எண்ணி எடுத்த சில நூறு வண்டிகளில் பூட்டிவைத்துக் காப்பாற்ற இயலாது. அது நினைவுப் பொருளாகிவிடும். அந்தச் சிறப்பு வண்டிகளுக்குக் கை கிடைத்ததே, எங்கோ சில குடும்பங்களில் தந்தை கற்றுத் தந்ததை மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால்தான்.

ஆரணிப் பட்டுத் தறியிலிருந்தும் வந்தவாசிக் கோரைப் பாயிலிருந்தும் புறப்பட்டு இக்கல்லூரிக்கு வந்திருக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். பட்டம் பெறுவது பட்டறையிலிருந்து தப்பிக்கும் வழி என்றே நம் பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு அப்படி. எனினும் பட்டமும் தூரிகையும் ஒரே கையில் இருக்கக் கூடாதா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையாரிடம் கோடு இழுக்கக் கற்று வருகிறேன். பழைய டேங்க் ஒன்றைத் தந்திருக்கிறார். நான் போட்டதைத் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, "மறுபடி போடு" என்கிறார். அவர் சொல்லித் தந்த முதற்பாடம் இது: "கண்ணு தூரிகை மேல இருக்கக் கூடாது, கோடு போய்ச் சேர்ற எடத்துல இருக்கணும்."