நான்கு விமானங்களுக்குப் பாலூட்டிய படகு



அடிப்பாகம் படகைப் போல அமைந்து, நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும் விமானத்தைப் 'பறக்கும் படகு' என்பர். சிங்கப்பூர்ச் சிலேத்தார் தளத்தில் பிரிட்டிஷ் வான்படையின் சண்டர்லாந்துப் பறக்கும் படகுகள் 1959 வரை இயங்கின. அவற்றுக்குப் பிந்திப் பிறந்து, முந்தி மறைந்தது அமெரிக்கக் கடற்படையின் 'டிரேட்விண்ட்'. என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைத்தான் தன் செயல்திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தான்.

அவனுடைய தந்தையார் என்னைக் காண வந்தார். "ஐயா, பறக்கத் தொடங்கி நான்கே ஆண்டில் மூலையில் போட்ட விமானமாம். வெற்றி பெற்ற ஒன்றை எழுதச் சொல்லக் கூடாதா? புள்ளி குறையுமே" என்றார். பெற்ற மனத்தின் கவலை நியாயமானதே. எனினும் அன்றிரவு அவ்விமானத்தைப் பற்றித் தேடிப் படித்தபின், தலைப்பை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

கொன்வேர் நிறுவனம் கட்டிய இந்தப் போக்குவரத்து விமானம் 1954இல் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 11 மட்டுமே கட்டப்பட்டன. அவற்றுள் ஆறின் மூக்கு மேல்நோக்கித் திறக்கும். நேரே கடற்கரையில் முட்டி நின்று, திறந்த வாயின் வழியே வீரர்களையும் வண்டிகளையும் இறக்கிவிடுவது திட்டம். ஓடுபாதையே வேண்டாம்! ஆனால் ஏற்றி இறக்கும் நேரத்தில் விமானத்தைக் கரையோரம் அசையாமல் நேராக நிறுத்தி வைப்பது ஏறக்குறைய இயலாத செயலாயிற்று.

ஆகவே அவற்றுள் சில, வானிலேயே எரிபொருள் வழங்கும் தாங்கி விமானங்களாக மாற்றப்பட்டன. இறக்கைகளிலிருந்து நான்கு குழாய்கள் பின்னால் நீளும். ஒவ்வொன்றின் நுனியிலும் புனல் போன்ற கூடை இருக்கும். பின்தொடரும் ஜெட் விமானம் தன் முன்நீட்டிய குழலை அதனுள் செருகிக்கொள்ள வேண்டும். 1956இல் நான்கு கூகர் போர் விமானங்களுக்கு ஒரே நேரத்தில் எரிபொருள் அளித்தது டிரேட்விண்ட். அதற்கு முன் எந்த விமானமும் அவ்வாறு செய்ததில்லை.

பிறகேன் கைவிட்டார்கள்? உடலில் குறையில்லை, இயந்திரத்தில்தான் குறை. அதன் அலிசன் டி40 இயந்திரம் உண்மையில் இரட்டைப் பிள்ளை. இரண்டு சுழலிகளை ஒரே கியர் பெட்டியில் பிணைத்து, எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகளை அவை இயக்குமாறு செய்திருந்தனர். அந்தப் பிணைப்பே வினையாயிற்று. பறந்துகொண்டிருக்கையிலேயே விசிறியும் கியர் பெட்டியும் இயந்திரத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனது இருமுறை நிகழ்ந்தது. 1958இல் எல்லா டிரேட்விண்டுகளும் பணியிலிருந்து விலக்கப்பட்டன. (இதே இயந்திரத்தால் வேறு சில விமானத் திட்டங்களும் பாழாயின என்பது தனிக்கதை.)

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் கூறி, ஏன் நின்றுபோயிற்று என்று பையன் விளக்கினால் அதற்கே புள்ளி உண்டு என்றேன். அவர் முழுமனத்தோடு உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. "உங்கள் விருப்பம் ஐயா" என்று புறப்பட்டார்.

பையன் கியர் பெட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். கடற்கரையில் வாய் திறந்தபடி நிற்கும் டிரேட்விண்ட். அது அசையாதிருக்க இரு பக்கமும் தென்னை மரங்களில் இழுத்துக் கட்டிய கயிறுகள்.