ஓங்கிய கம்பு

குரும்பலூரில் மாலை மணி ஐந்தானால், ஆலயத்தின் பின்புறத்து மண்தரையில் சிறுவர் சிறுமியர் கையில் கம்போடு வந்து கூடுவர். வெங்காயக் காட்டிலிருந்து திரும்பும் தாய்மார் சற்றே நின்று தம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவர். சென்ற ஆண்டு, ஐம்பதைக் கடந்த நாமும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றோம். தோள் இறுகிப் போயிருந்தது. கையை நன்றாக அசைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். சிலம்பம் கற்பது அதற்கொரு வழியென்று எண்ணினோம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பின்னர் இடம் விட்டார்கள்.

முதல் பத்து நாள்கள் கம்பே கைக்கு வரவில்லை. முன்கால், பின்கால், திரும்புகால் என்று காலடி வரிசை மட்டுமே நடந்தது. பொறுக்கமாட்டாமல், "கம்பு எப்போது ஆசானே?" என்று கேட்டோம். "கால் நிக்கட்டும் சாமி, கம்பு தானா வரும்" என்றார். அவர் பகலில் கொத்து வேலை செய்பவர். மாலையில் நமக்கு ஆசான்.

பிறகு, தரையிலிருந்து நம் நெற்றி உயரம் வரும் மூங்கிற்கம்பு ஒன்றை அளந்து தந்தார். முதலில் உடலுக்கு முன்னே சுழற்றல், அடுத்துப் பக்கங்களில் சுழற்றல். அதன் பின்னரே அடி: தலைக்கு, தோளுக்கு, இடுப்புக்கு, முழங்காலுக்கு. ஒவ்வோர் அடிக்கும் கால் ஒன்று நகர வேண்டும். அடித்த கம்பு அடுத்த கணமே காவலுக்குத் திரும்ப வேண்டும். இவற்றையெல்லாம் ஒருவாறு கற்றுக்கொண்டோம். கடினமாயிருந்தது வேறொன்று. எதிரே நிற்பவரின் தலைக்கு ஒரு சாண் மேலே, வேகமாய் வரும் கம்பை நிறுத்த வேண்டும். "அடிக்கிறது யாருக்கும் வரும் சாமி. ஓங்கினத நிறுத்தறதுதான் வித்தை" என்பார் ஆசான்.

ஒரு மாலை நம்மால் நிறுத்த முடியவில்லை. எதிரே நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் கம்பைக் குறுக்கே பிடித்துத் தடுத்துக்கொண்டான். ஆனாலும் அவன் கண்கள் ஒரு கணம் இறுக மூடின. அந்தக் கண்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

குருவாகி மூன்றாம் ஆண்டு, வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தோம். மறைக்கல்வி வகுப்பில் சிரித்த ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. அந்நாளில் பிரம்பு இல்லாத வகுப்பு எங்கே இருந்தது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்த கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில்தான் வந்தது. நம்முடைய அடி அதற்கு முந்தியது. ஆயினும் ஒரு பிள்ளையை அடிக்கலாகாது என்று அறிவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

எண்ணிக்கை நூலின் 20-ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் விரிவாகப் படித்தோம், தேர்விலும் எழுதினோம். பாறையிடம் பேசும்படி மோசேக்குக் கட்டளை. அவரோ கோபத்தில் கோலை ஓங்கிப் பாறையை இருமுறை அடித்தார். தண்ணீர் வரத்தான் செய்தது. மக்கள் குடித்தார்கள், கால்நடைகளும் குடித்தன. ஆனால் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் அவர் நுழையவில்லை. நம்முடைய பிரம்புக்கும் தண்ணீர் வந்தது: மற்றப் பிள்ளைகள் மறுவாரம் மந்திரங்களைத் தவறின்றி ஒப்புவித்தார்கள். அன்று அதை வெற்றியென்று எண்ணியதுதான் நம் பிழை.

கத்தோலிக்கர் மிகுந்து வாழும் பிலிப்பைன்ஸில் பணியாற்றும் குரு நண்பர் ஒருவரிடம் கம்பு பழகுவதைச் சொன்னோம். அங்கும் ஒரு கோல்வித்தை உண்டு என்றார். அதற்கு ஆர்னிஸ் என்று பெயர். 2009-இல் சட்டமியற்றி அதனைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தார்கள். நம் கம்பைப் போல் நெடியதன்று. ஏறத்தாழ 28 அங்குலப் பிரம்பு. அடிகளுக்கு எண்கள் உண்டு: நெற்றிப்பொட்டுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, உச்சந்தலைக்கு ஒன்று என்று, மாணவர் எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பழகுவர். இருவர் எதிரெதிர் நின்று, கைக்கு ஒரு கோலாகப் பாய் முடைவதுபோல் மாற்றி மாற்றித் தட்டும் வரிசையும் உண்டாம். அங்கே மூத்தவர்கள் சொல்லித் தரும் ஒன்று நம்மைத் தொட்டது. ஆளை அடிக்காதே, ஆயுதம் பிடித்த கையை அடி. பாம்பின் பல்லைப் பிடுங்கினால் பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை.

நம் சிலம்பத்திலும் இந்த அறம் இருக்கிறது. போட்டிக் களத்தில் எதிரியைக் கம்பு நுனியால் தொட்டால் புள்ளி. வீழ்த்த வேண்டும் என்பதில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. அதற்குப் பின் நம் மண்தரையில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. சான்றிதழ் கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கிடைக்கட்டும். அதனினும் பெரியதொன்று அவர்களுக்கு நாள்தோறும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று அடி வாங்கிய சிறுவர் இன்று வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயின் அடக்கத்துக்கு நாம் சென்றிருந்தோம். "ஸ்தோத்திரம் சாமி" என்றார், ஒதுங்கி நின்றுகொண்டார். அன்றும் நாம் ஒன்றும் பேசவில்லை. பாறையிடம் பேசியிருக்க வேண்டியவர்கள் இரண்டாம் முறையும் பேசாமல் வந்தோம்.

சென்ற மாதம் அவருடைய முகவரியைப் பெற்று, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கில்லை.

சென்ற வாரம் நம் கம்பு சிறுவனின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவன் இமைக்கவில்லை. "இன்னொரு தரம் சாமி" என்றார் ஆசான்.