‘உயிருள்ளது’ என்னும் ஒரு சொல் போதாது

குதிரையே அரிதான அந்தமானில் அமர்ந்து பொலிகுதிரையின் உறைவிந்து பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். என் ஆய்வு கால்நடை அறிவியலின் தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றியது. மொழியியல் படித்த எனக்கு ‘உயிருள்ள விந்தணு’ என்னும் தொடர்தான் இடறியது.

திரவ நைட்ரஜனில், பூச்சியத்திற்குக் கீழ் 196 டிகிரி செல்சியசில் கிடந்த அரை மில்லிலிட்டர் குழலை, 37 டிகிரி நீரில் 30 நொடி வைத்து உருக்குகின்றனர். நுண்ணோக்கியில் முதலில் தேடுவது அசைவு. ஆனால் நின்ற இடத்திலேயே துடிப்பதும், வட்டமிடுவதும், முன்னோக்கி நீந்துவதும் ஒன்றல்ல. பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 35 அணுக்களேனும் முன்னோக்கி நீந்தினால்தான் ஏற்பர். நீந்தும் அணுவின் சவ்வும் பழுதுபட்டிருக்கலாம். அதனை அறிய அடர்வு குறைந்த கரைசலில் இடுவர். சவ்வு செம்மையாயின் நீர் உட்புகுந்து வால் சுருளும்.

காளையைப் போலன்றிப் பொலிகுதிரையைப் பெரும்பாலும் கருவளம் நோக்கித் தெரிவு செய்வதில்லை. நடையும் நிறமும் குலமுமே அளவுகோல். ஆகவே ஒன்றன் விந்து உறைவைத் தாங்கும், மற்றொன்றன் விந்து தாங்காது. மார்வாரிக் குதிரைகளின் விந்தை உறையவைக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்திற்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

உருக்கிய அணுக்கள் பெட்டைக்குதிரையின் உடலில் நெடுநேரம் வாழா. கருமுட்டை வெளிப்படும் வேளையை ஒட்டிச் செலுத்த வேண்டும். சீட்டில் ‘உயிருள்ளது’ என்று மட்டும் எழுதினால், அதை நம்பியவர் ஒரு பருவத்தையே இழக்கக்கூடும். நான் முன்வைப்பவை மூன்று: அசைவு, முன்னியக்கம், சவ்வுச்செம்மை. மூன்றாவதற்கு இதனினும் நல்ல சொல் இருப்பின் தெரிவியுங்கள்.