அளவு பொருந்தாத சட்டை

‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்னும் கேள்வியைச் செவியுறாமல் வளர்ந்த ஆண்மகன் நம் ஊர்களில் எவரேனும் உளரோ? முழங்கால் சிராய்த்துக் குருதி கசியும் ஐந்து வயதுச் சிறுவனிடமும் இதைக் கேட்கிறோம். பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வரும் ஐம்பது வயதினரிடமும் இதையே கேட்கிறோம்.

வாசக அன்பர்களே! என் இளமை முழுவதும் ஆண்மை என்பது எனக்குப் பிறர் அளவுக்குத் தைத்த சட்டையாகவே இருந்தது. உரத்துப் பேசுதல், மீசையை முறுக்குதல், சண்டையென்றால் முன்னே நிற்றல், அடுப்படியை எட்டியும் பாராமை ஆகியவையே அதன் இலக்கணமென என் தோழர்கள் கொண்டிருந்தனர். எனக்கோ அம்மாவின் அருகமர்ந்து கீரை ஆய்வதும், தங்கைக்குத் தலை பின்னிவிடுவதும் உவப்பாயிருந்தன. ‘பொட்டைப்பயல்’ என்னும் பட்டம் எளிதில் வந்து சேர்ந்தது. பெண்ணாக வேண்டுமென நான் விரும்பினேனல்லேன். ஆண் என்ற பெயரால் என்னிடம் எதிர்பார்க்கப்பட்டவற்றுள் என்னைக் காண இயலவில்லை, அவ்வளவே. அப்பட்டத்தில் மற்றொரு கொடுமையும் உண்டு. ஓர் ஆணை இழிவுபடுத்தப் பெண்ணென்று அழைத்தாலே போதும் எனில், நம் தாயரையும் தங்கையரையும் நாம் எவ்விடத்தில் வைத்திருக்கிறோம்?

அச்சட்டை கச்சிதமாகப் பொருந்தியவர் என் அண்ணன். தந்தையார் மறைந்தபொழுது அவருக்கு வயது 19. கண் கலங்காமல் நின்று அனைத்தையும் நடத்தினார், ஊரார் மெச்சினர். தங்கையின் திருமணக் கடனைத் தனியே சுமந்தார். நெஞ்சில் வலி கண்டபொழுதும் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று கூறி மூன்று நாள் வேலைக்குச் சென்றார். நான்காம் நாள் மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது, வயது 46. அவருடைய பெட்டியில் கடன் பத்திரங்களும், ஆறு திங்களுக்கு முன் மருத்துவர் எழுதித் தந்து, வாங்கப்படாமலே போன மருந்துச் சீட்டு ஒன்றும் இருந்தன. “என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, தம்பி!” என்று அண்ணியார் கதறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

இஃது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டோர் 1,70,924 பேர்; அவருள் பத்தில் எழுவருக்கும் மேற்பட்டோர் ஆண்கள். குடும்பச் சிக்கல், நோய், கடன் எனக் காரணங்கள் பல. துன்பத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகாத நாவும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது என்றே எண்ணுகிறேன்.

இம்மௌனமே நம் தொன்மரபு என்பாரும் உளர். பெருமையும் வலிமையும் ஆணுக்கும், அச்சமும் நாணமும் பெண்ணுக்கும் உரியனவெனத் தொல்காப்பியம் வகுத்தது மெய்யே. ஆயினும் அந்நூலின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்தது. பிறரால் இகழப்படுதல், இழப்பு, நிலை தாழ்தல், வறுமை என அதற்கு நான்கு காரணங்களும் கூறிற்று. அதனைப் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிடவில்லை. அந்நான்கனுள் இழப்பும் வறுமையும் என் அண்ணனுக்கு நேர்ந்தன. அழுகை மட்டுமே மறுக்கப்பட்டது.

புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் சேர மன்னன். மனைவி ஈமத்தீக்கு இரையான பின்னரும் தன் உயிர் போகவில்லையே என அவன் நொந்து பாடினான். முடிசூடியவன் துயரை மறைக்கவுமில்லை. பாடலைத் தொகுத்தோர் அதனை விலக்கவுமில்லை. வள்ளுவரோ பிறன்மனை நோக்காமையையே பேராண்மை என்றார். மீசைக்கும் உரத்த குரலுக்கும் அங்கே இடமேது?

இன்று என் மனைவி இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர். சமையலும் பிள்ளைகளின் பராமரிப்பும் பெரும்பாலும் என் கையில். உறவினர் சிலர் இன்னும் நகைக்கின்றனர். என் பிள்ளைகளோ தம் பள்ளித் தொல்லைகளை என்னிடம் தயங்காமல் சொல்கின்றனர். எனக்கு அது போதும்.

பெற்றோரே! அழும் மகனை அடக்காதீர்கள். ஏன் அழுகிறான் எனக் கேட்டு, விடை வரும்வரை காத்திருங்கள். இல்லத்தரசியரே! ‘ஒன்றுமில்லை’ என்று கணவர் சொன்னால், மீண்டும் ஒருமுறை கேளுங்கள். ஆடவரே! வீட்டாரிடம் சொல்ல நா எழவில்லையெனில், மனநல ஆலோசனைக்கென அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலேனும் பேசுங்கள். நெஞ்சு வலித்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் வலிமையைக் காட்டிலும் உங்கள் உயிரே இல்லத்தாருக்கு வேண்டும்.