திரி காயாமல்

கிழக்கு லண்டனில் எங்கள் குடோனில் ராத்திரி ஷிஃப்ட் முடியும்போது மணி ஆறு. வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற யாழ்ப்பாணத்துத் தம்பி தன் வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணை, கருகின மணம் வருது. கொயிலை மாத்தவேணும் போல." வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தேன். கம்பிச் சுருளில் ஒரு குறையும் இல்லை. அதன் நடுவே செருகியிருந்த பஞ்சுதான் தவிட்டு நிறமாகிக் கிடந்தது. இரண்டு பக்க வாலும் ஜூஸ் வரும் பள்ளத்தில் விரலால் அழுத்தி அடைத்த மாதிரி கெட்டியாக இருந்தன. "காயில் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. பஞ்சைத்தான் பட்டினி போட்டிருக்கீங்க" என்றேன்.

ஒருமுறை பிடித்துத் தூக்கிப் போடும் வேப்புகளை இங்கே 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, தானே சுருள் சுற்றிப் பஞ்சு வைக்கிற ரீபில்டபிள் டேங்குக்கு மாறியவர்களில் இவனும் ஒருவன். மாறுகிறவர்கள் எல்லோரும் கம்பியைப் பற்றியே கேட்கிறார்கள். எந்தக் கம்பி, எத்தனை சுற்று, எத்தனை ஓம்? பஞ்சைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். பத்து வருடமாக இதைக் கையில் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கம்பியில் செய்த தப்பைப் பஞ்சு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பஞ்சில் செய்த தப்பை எந்தக் கம்பியும் காப்பாற்றாது.

எனக்கே இது புரியக் கொஞ்ச காலம் ஆனது. காரணம், நான் கம்பி வழியாக உள்ளே வந்தவன். பத்தொன்பது வயதில் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். எரிந்துபோன கிணற்று மோட்டார்கள் வரும். கருகின காயிலை வெட்டி உருவுவோம், ஸ்லாட்டைச் சுரண்டித் துடைப்போம், காகிதம் வைப்போம், புதுக் காயில் கட்டுவோம், வார்னிஷ் ஊற்றுவோம். சுற்று எண்ணுவதில் ஒன்று தப்பினாலும் பட்டறை அண்ணன் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார். சிகரெட் பழகியதும் அங்கேதான். வார்னிஷ் காய்கிற நேரம் புகைக்கிற நேரமாக இருந்தது. அந்தப் பழக்கம் இருபது வருடம் என்னோடு ஓடி, கடல் தாண்டி வந்தது. 2016இல் அதை விட முடிவெடுத்தபோது, கடைக்காரர் காட்டிய வகைகளில் என் கை தானாகப் போனது கம்பி சுற்றுகிற டேங்கின் பக்கம்.

சுற்றிய முதல் காயிலிலேயே கணக்குத் தப்பியது. 28 கேஜ் கந்தால் கம்பி. 2.5 மில்லிமீட்டர் தண்டில் ஏழு சுற்று. கால்களையும் சேர்த்தால் சுமார் 7 சென்டிமீட்டர் நீளம். மனக்கணக்கில் 0.9 ஓம் வரவேண்டும், மீட்டர் 1.25 காட்டியது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன், அதே 1.25. காரணம் கேஜில் இருந்தது. நாங்கள் பட்டறையில் பழகியது பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. வேப் கடையில் விற்கிற கம்பியெல்லாம் அமெரிக்கக் கேஜ். நம் 28 என்றால் 0.376 மில்லிமீட்டர் கனம்; அவர்கள் 28 என்றால் 0.32. கம்பி மெலிந்தால் மின்தடை ஏறும். நான் கிலோ கிலோவாகக் காயில் கட்டிய அதே பிரிட்டிஷ் கேஜ் பிறந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாடத்தைப் படித்தேன்.

கந்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. ஸ்வீடனில் ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ என்பவர் உருவாக்கியது. அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒட்டவைத்துத்தான் கந்தால் ஆனது. தொழிற்சாலை உலைகளுக்கு ஏற்பட்ட கம்பி. அதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. மோட்டார் காயிலில் செம்புக் கம்பிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தாலும் ஷார்ட் ஆகாததற்குக் காரணம் மேலே பூசிய எனாமல். கந்தாலுக்கு எனாமல் கிடையாது. புதிதாகச் சுற்றியதும் சுற்றுகள் ஒட்டும் இடங்களில் கரண்ட் குறுக்கே பாயும். அங்கங்கே திட்டுத் திட்டாகச் சிவக்கும். குறைந்த வாட்டில் சொடுக்கிச் சொடுக்கிச் சூடேற்றி, பீங்கான் நுனி இடுக்கியால் மெல்ல நெருக்கிக்கொடுத்தால், கம்பியின் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குப் பிறகு பாருங்கள், செம்மை நடுச் சுற்றில் தொடங்கி இரு பக்கமும் ஒரே சீராகப் பரவும். கம்பி தன் எனாமலைத் தானே பூசிக்கொள்கிறது. முதல்முறை இதைப் பார்த்த ராத்திரி, பட்டறை அண்ணனுக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

வேறு கம்பிகளும் உண்டு. நைக்ரோம் சீக்கிரம் சூடேறும். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூடேற ஏற மின்தடை ஏறுவதால், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் மோடுகளுக்கு, அதாவது டேங்கைப் பொருத்தும் பேட்டரிக் கருவிகளுக்கு, பொருந்தும். டைட்டானியத்தை வெறுமனே சிவக்கக் காய்ச்சக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். இரட்டைக் கம்பி, முறுக்குக் கம்பி, கம்பி மேல் கம்பி என்று அலங்காரங்கள் ஏராளம். எனக்கு அவை தேவைப்படவில்லை.

பஞ்சுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பத்துத் திரி மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. திரிகளை ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டு, கருகிய நுனிகளைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குவது ஞாயிற்றுக்கிழமை என் வேலை. எரிவது எண்ணெய், திரி இல்லை என்று அம்மா சொல்வாள். ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்த பிறகும் அணைக்காமல் விட்டால் திரி எரியத் தொடங்கும். அந்த நாற்றம் தெருவரைக்கும் போகும். வேப்பில் நடப்பதும் இதுதான். சிவக்கக்கூடிய ஒரு கம்பியின் வயிற்றுக்குள் பஞ்சை வைத்திருக்கிறோம். அது கருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் ஈரம். ஜூஸ் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆவியான இடத்துக்குப் பின்னாலிருந்து புது ஜூஸ் வந்து சேரவேண்டும். வர ஒரு நொடி தாமதித்தால் அந்த ஒரு நொடியில் பஞ்சு கருகும். கருகிய பஞ்சு மறுபடி பழைய பஞ்சாகாது. எவ்வளவு ஊற்றினாலும் அடுத்த இழுப்பிலும் அந்தக் காறல் தொண்டையில் நிற்கும்.

எந்தப் பஞ்சு என்ற கேள்வியில் நான் நன்றாக அடிபட்டேன். ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பை பஞ்சு கொடுத்தனுப்பியிருந்தாள். எங்கள் தோட்டத்துப் பருத்தி, கொட்டை நீக்கி, விளக்குத் திரிக்காகக் கையால் பிரித்தது. மருந்து எதுவும் படாத சுத்தமான பஞ்சு, இதைவிட நல்லது எங்கே கிடைக்கும் என்று சந்தோஷமாக வைத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே தொண்டை எரிந்தது. பிரித்துப் பார்த்தால் பஞ்சின் நடுப்பகுதி காய்ந்தே இருந்தது. ஒரு கொத்து எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது, அழுத்தினாலும் மேலே வந்தது. பச்சைப் பஞ்சின் இழைகளில் இயற்கையாகவே மெழுகு உண்டு. விளக்கெண்ணெய் அதில் ஏறும். தண்ணீரும், தண்ணீரோடு சேரும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஏறாது. வேப் ஜூஸில் பெரும்பகுதி இந்தக் கிளைக்காலும் கிளிசரினும்தான். மெழுகை வேகவைத்து நீக்கிய பஞ்சுதான் உறிஞ்சும். மருந்துக் கடைப் பஞ்சும் அப்படி நீக்கியதே. தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் மூழ்கவேண்டும் என்பது அதற்கு வைத்திருக்கும் சோதனை. அம்மாவின் பஞ்சு அதற்குரிய இடத்துக்கு, சாமி விளக்குக்குப் போனது.

இப்போது நான் வைப்பது வெளுக்காத, வாசனை சேர்க்காத பருத்திப் பட்டை. ஆரம்ப காலத்தில் சிலிக்கா கயிறு புழங்கியது. அது கருகாது, ஆனால் நொறுங்கும் இழை நெஞ்சுக்குள் போகுமோ என்ற பயம் எனக்கு விலகவே இல்லை. ரேயான் நன்றாகவே உறிஞ்சும். நனைந்ததும் பருத்தி மாதிரி உப்பாது, அதனால் கொஞ்சம் கூடுதலாக வைக்கவேண்டும்.

அன்றைக்கு அந்தத் தம்பிக்கு வாசலிலேயே செய்து காட்டினேன். பஞ்சுப் பட்டையிலிருந்து இழை ஓடும் திசையில் ஒரு கீற்றுக் கிழித்தேன். ஒரு நுனியை முறுக்கிக் காயிலுக்குள் நுழைத்து இழுத்தேன். இந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சு போகும்போது காயில் லேசாக ஆடவேண்டும், வளையக் கூடாது. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு போதாது, ஜூஸ் கொப்பளித்து நாக்கில் தெறிக்கும். மல்லுக்கட்டி இழுக்க வேண்டியிருந்தால் இழைகளுக்கு நடுவே ஜூஸ் நடக்க இடம் இருக்காது. "பூட்ஸ் கயிறு கோர்க்கிற மாதிரியே அண்ணை?" என்றான். அதைவிடக் கொஞ்சம் தளர்வாக என்றேன். வால்களை டேங்கின் அடிக்கிண்ண விளிம்புவரை விட்டுச் சாய்வாக நறுக்கி, இடுக்கி நுனியால் தலை வாருவது போல வாரி, பாதி இழையை உதிர்த்துவிட்டேன். மிச்சத்தைப் பள்ளத்தின் வாயில் உட்காரவைத்தேன், திணிக்கவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக ஜூஸ். வெள்ளைப் பஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டே நடுவுக்கு வருவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். டேங்கை நிரப்பி, "அஞ்சு நிமிஷம் தொடாதீங்க" என்றேன். பஸ் வரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் கிடையாது. நான் நாலு நாளுக்கு ஒருமுறை பஞ்சு மாற்றுகிறேன். இனிப்புச் சேர்த்த ஜூஸ் என்றால் இரண்டே நாளில் காயிலின் மேல் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு ஓடு கட்டும். ருசி மங்கத் தொடங்கும் அன்றே மாற்றிவிடவேண்டும், கருகும்வரை காத்திருக்கக் கூடாது. பழைய பஞ்சை உருவிவிட்டு, குறைந்த வாட்டில் இரண்டிரண்டு நொடியாகச் சூடேற்றினால் ஓடு சாம்பலாகும். ஆறியதும் தண்ணீரில் அலசிச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வெள்ளை வெளேரென்று தகிக்கும்வரை காய்ச்சுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். ஒரு கந்தால் காயில் எனக்கு ஒன்றரை மாதம் வரும். மறுபடி பஞ்சு வைக்குமுன் ஓம் பார்த்து, திருகுகளை ஒருமுறை இறுக்குவேன். லண்டன் குளிர் இன்னொரு சங்கதி. கிளிசரின் குளிரில் தடிக்கும், பஞ்சில் மெல்லத்தான் ஏறும். ஜனவரியில் டேங்கைக் கோட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வைத்துக்கொள்வேன். பேட்டரி மட்டும் எந்தப் பருவத்திலும் சாவிக்கொத்தோடு ஒரே பையில் இருக்கக் கூடாது. மேலுறை கிழிந்த பேட்டரியை அன்றே ஒதுக்கிவிடுவேன்.

பஞ்சு காய்வது ருசியோடு முடிகிற விஷயமும் இல்லை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: 3.3 வோல்ட்டில் இழுத்த ஆவியில் காணாத ஃபார்மால்டிஹைடு வகைச் சேர்மங்கள் 5 வோல்ட்டில் கிடைத்தன என்று. அந்த வோல்ட்டில் பஞ்சு காய்ந்து வரும் இழுப்பை எந்த மனிதத் தொண்டையும் தாங்காது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்று: கருகல் வாடை வந்ததும் நிறுத்தச் சொல்வது உடம்பு, அதைக் கேட்காமல் இன்னொரு இழுப்பு இழுக்கக் கூடாது. சிகரெட்டைவிட இதில் கெடுதல் மிகவும் குறைவு என்று இங்கே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கெடுதலே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. புகைக்காத ஒரு பிள்ளை என்னிடம் வந்து காயில் சுற்றிக் கேட்டால் சுற்றித் தரமாட்டேன், யார் வீட்டுப் பிள்ளையானாலும். எனக்கு 18 மில்லிகிராம் நிகோட்டினில் தொடங்கியது இன்றைக்கு 3இல் நிற்கிறது.

இந்தியாவில் 2019இலிருந்து வேப்புக்குச் சட்டப்படி தடை. ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி பஞ்சை உருவி, காயிலைச் சுட்டு, டேங்கைப் பிரித்துக் கழுவி ஜன்னல் ஓரத்தில் ஒரு துணி மேல் கவிழ்த்துவைப்பேன். மூன்று வாரத்துக்கு நிகோட்டின் சூயிங்கம்தான். போன முறை பர்ஸுக்குள் ஒரு முழம் கந்தால் கம்பி மட்டும் மடித்து வைத்திருந்தேன், பட்டறை அண்ணனுக்குக் காட்ட.

அவருக்கு இப்போது கண் சரியில்லை. பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். இவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்பியைக் கையில் கொடுத்துச் சிகரெட்டை விட்ட கதையைச் சொன்னேன். தானே எனாமல் பூசிக்கொள்ளும் கம்பி என்றதும், மேலே சொல்லு என்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பியை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"என்ன கேஜ் கண்ணு?"

"28ங்ணா."

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். "இல்லையே. 30 மாதிரியல்ல இருக்குது."

நம் கணக்கில் 30 கேஜ் என்றால் 0.315 மில்லிமீட்டர்.